பத்தொன்பதாம் பக்கம்

அந்தக் கேள்வி எந்த நிமிடத்தில் வரும் என்பது எனக்கு அத்துப்படி. முதலில் யாராவது மைக்கைத் தட்டுவார்கள். அது கீச்சென்று கத்தும், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பிறகு தலைமையாசிரியை, என்னைப் பற்றி நானே எழுதிக் கொடுத்த குறிப்பை, என் முன்னாலேயே தப்பும் தவறுமாக வாசிப்பார். நாற்பத்தொரு புத்தகம் என்பது சில பள்ளிகளில் பதினான்கு ஆகிவிடும். ஒரு இடத்தில் நானூறு ஆனது. நான் திருத்துவதில்லை. அறுபத்தேழு வயதில், முட்டி வலியோடு மாடி ஏறி வந்தவளுக்கு அதற்கெல்லாம் தெம்பு கிடையாது. அப்புறம் நான் கொஞ்ச நேரம் வாசிப்பேன். "யாராவது கேள்வி கேக்கணுமா?" என்பார் தலைமையாசிரியை. முன் வரிசையில் ஒரு கை எழும்பும்.

அன்றைக்கும் எழும்பியது. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண்.

"பத்தொம்பதாம் பக்கத்துல ஆறு எலிக்குட்டிதான் இருக்கு. ஏழுன்னு எழுதியிருக்கீங்க. இன்னொண்ணு எங்க?"

"அந்தப் படத்த வரைஞ்சது எங்க அத்தான்," என்றேன். "எங்க அக்கா வீட்டுக்காரர். ரொம்ப நல்லவர். ஆனா பாவம், அவருக்கு ஆறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்."

கூடம் முழுக்கச் சிரித்தது. டீச்சர்களும் சிரித்தார்கள். முப்பத்து நாலு வருஷமாக அதே இடத்தில் அதே சிரிப்பு. எனக்கு மட்டும் காது புளித்துப்போயிருந்தது. கடைசியில் ஒரு கேடயத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே அறுபது கேடயம் இருக்கிறது. பெருக்க வருகிற அம்மா, துடைப்பம் உள்ளே போகவில்லை என்று தினமும் என்னைத் திட்டுகிறாள்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு செருப்புக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அளவு பார்க்க வரும் குழந்தைகள், ஒரு காலில் புதுசும் மறு காலில் பழசுமாக நின்று ஊரைக் கூட்டும். அழுகையை நிறுத்த ஏதாவது சொல்லியாகவேண்டும். அந்த அட்டைப்பெட்டியில் ஒரு எலியம்மா குடியிருக்கிறாள், சத்தம் போட்டால் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விடுவாள் என்று சொல்லிவைத்தேன். அடுத்த மாதம் அதே குழந்தை வந்து, எலியம்மா இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டது. அப்படித்தான் நான் எழுத்தாளர் ஆனேன். பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் இதையே கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்வேன்.

அப்போது அக்கா வீட்டோடு இருந்தேன். அத்தான் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். எழுத்து போக மிச்சமிருக்கும் மூலையில், யாரும் கேட்காமலே ஒரு பூனையையோ குருவியையோ வரைந்துவிடுவார். பூட்டுக் கடைப் பலகையில் கூட ஒரு குருவி இருந்தது. அக்காதான் யோசனை சொன்னாள். "நீ எழுது, அவரு வரையட்டும். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் குப்பை போடுறதுக்கு, ஒரே குப்பையா போடுங்க."

குழந்தைகள் புத்தகத்தை எடுத்தவுடன் எழுதிவிட முடியாது. ஆறு தாளை இரண்டாக மடித்து நடுவில் தைத்தால் இருபத்து நாலு பக்கம் வரும். எந்தப் பக்கத்தில் எந்த வரி, எங்கே படம், பக்கத்தைப் புரட்டும்போது என்ன தெரியவேண்டும் என்பதை அதில் பென்சிலால் எழுதிப் பார்க்கவேண்டும். அதற்கு டம்மி என்று பெயர். அந்த டம்மியை வைத்துக்கொண்டுதான் ஓவியர் படம் போடுவார். எலியம்மாவின் டம்மியைச் செருப்புக் கடையின் பில் தாளின் பின்பக்கத்தில் செய்தேன். அட்டைப்பெட்டியிலிருந்து கெட்டிலுக்கு, கெட்டிலிலிருந்து அலாரக் கடிகாரத்துக்கு, அங்கிருந்து ஒரு பழைய பூட்ஸுக்கு என்று எலியம்மா குட்டிகளோடு வீடு மாறிக்கொண்டே போவாள். தலையணை ஒன்றுதான். குட்டிகள் ஆளுக்கு ஒரு நாள் அதைச் சுமக்கவேண்டும். பத்தொன்பதாம் பக்கத்தில் ஏழு குட்டிகளும் பூட்ஸுக்குள் தூங்கிவிடும்.

புத்தகம் வந்து ஒரு மாதத்தில் முதல் கடிதம் வந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில் ஆறுதான் இருக்கிறது என்று ஒரு பிள்ளை கோணல்மாணலாக எழுதியிருந்தது. பதிப்பக முதலாளி என்னைக் கூப்பிட்டு விட்டார். மேசை மேல் புத்தகத்தை விரித்து வைத்து, பென்சில் முனையால் ஒவ்வொரு எலியாகத் தொட்டுக் காட்டினார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அத்தான் வாசலில் பெயின்ட் டப்பா கழுவிக்கொண்டிருந்தார். "ஏன் அத்தான் எண்ணிப் பாக்கல?" என்று கத்தினேன். அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "விட்டுப்போச்சு போல," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நானும் முதலாளியிடம் போய் அதையே சொன்னேன். ஓவியர் விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. கடிதங்கள் நிற்கவில்லை. வாரத்துக்கு இரண்டு, பிறகு நாளைக்கு ஐந்து. பிள்ளைகள் பெரியவர்களைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் எழுதினார்கள். முதலாளி விவரமானவர். "தப்பு நல்லா விக்குது, கை வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டார். பதிலுக்கு அனுப்ப ஒரு அட்டை அச்சடித்தோம். வாசகம் நான் எழுதியதுதான். எங்கள் ஓவியருக்கு ஆறுக்கு மேல் எண்ணத் தெரியாது, நீங்கள் சொல்லிக்கொடுங்கள். ஆயிரக்கணக்கில் போயிருக்கும். பிள்ளைகள் அத்தானுக்கு ஒன்று முதல் நூறு வரை எழுதி அனுப்பினார்கள். தெருவில் அவருக்கு ஆறெலி என்றே பெயர் விழுந்துவிட்டது. நான் அப்புறம் நாற்பது புத்தகம் எழுதினேன். மறதிக்காரரைத் தேடி ஊரெல்லாம் அலைந்த குடையின் கதை என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது. அதை எந்தப் பள்ளியிலும் ஒருவரும் கேட்டதில்லை. எலியம்மாவுக்குத்தான் கூப்பிடுவார்கள், எலியம்மாவில் பத்தொன்பதாம் பக்கத்துக்குத்தான் கை தூக்குவார்கள். மூன்றாவது புத்தகத்துக்குப் பிறகு அத்தான் எனக்கு வரையவில்லை. பலகை வேலை அதிகம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

கேடயத்தோடு வீடு திரும்பிய அன்று பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. முதலாளி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. இப்போது பார்த்துக்கொள்வது ஒரு பொறுப்பாசிரியை. முப்பது வயதுக்குள் இருக்கும், சுறுசுறுப்பானவள், என்னை மேடம் என்பாள்.

"மேடம், எலியம்மா முப்பத்தஞ்சாவது வருஷம். பெரிய சைஸ்ல போடுறோம். அந்தப் பத்தொம்பதாம் பக்கத்தையும் சரி பண்ணிடலாம். பதிமூணாம் பக்கத்துலேருந்து ஒரு எலிய எடுத்து ஒட்டினா ஆச்சு. கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷ வேலை."

அப்பாடா என்று இருந்தது. பொய் சொல்லவில்லை. இனி அந்தக் கையே எழும்பாது.

"ஆனா பழைய வாசகர்களுக்குப் புரியணும்ல," என்றாள். "கடைசிப் பக்கத்துல ஒரு வரி போட்டுருவோம். நீங்களே சொல்லுங்களேன்."

நான் செருப்பைக் கூடக் கழற்றாமல், நின்றபடியே சொன்னேன். "முதல் பதிப்பில் ஓவியர் செய்த பிழை இந்தப் பதிப்பில் திருத்தப்பட்டுள்ளது."

"சூப்பர் மேடம். எழுத்தாளர், ஓவியர் ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். தாள் அனுப்பி வைக்கிறேன்."

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அத்தானுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது கை மடியில் கிடக்கும். அது அவருடையது இல்லை, யாரோ வைத்துவிட்டுப் போனது என்பது போல அவரே அதைச் சில சமயம் பார்ப்பார். பேச்சு மெதுவாக வரும், ஆனால் தெளிவாக வரும். பதினான்கு மாதமாக அவர் படி இறங்கவில்லை. ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தாள் அக்கா. எதிரே மருந்துக் கடைப் பலகை தெரியும். அது அவர் எழுதியதுதான்.

"வா சின்னவளே," என்றார். சின்ன வயதில் வைத்த பெயர், இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

தாளைக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரை வாசித்தார். என்னுடைய அந்த வரியில் கொஞ்சம் நின்றார். பிறகு இடது கையை நீட்டி, "பேனா குடு," என்றார்.

இடது கையால் அவர் கையெழுத்துப் போட்டுப் பழகவில்லை. அக்கா தாளுக்கு அடியில் தட்டை வைத்துப் பிடித்துக்கொண்டாள். பேனா நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. அக்காவுக்கு அந்த வரி தட்டின் மேல் கண்ணெதிரே இருந்தது. அவள் வாசித்தது எனக்குத் தெரிந்தது. அவள் முகம் மாறியதும் தெரிந்தது. ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தேன்.

"போடாதீங்க," என்றாள் அக்கா.

"விடு," என்றார் அத்தான்.

"முப்பத்து நாலு வருஷம் விட்டாச்சு. இப்ப புஸ்தகத்துல அச்சடிச்சு வைக்கப் போறா. அதையும் விடணுமா?" தட்டை அப்படியே உருவிக்கொண்டாள். தாளில் பேனா ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது. அக்கா அலமாரியைத் திறந்து, மேல் தட்டில் துணிகளுக்குப் பின்னால் கையை விட்டு, கயிறு கட்டிய ஒரு கோப்பை எடுத்து என் மடியில் போட்டாள். "பிரிச்சுப் பாரு. படிக்கத் தெரியும்ல."

பில் தாளின் பின்பக்கம். என் டம்மி. என் பென்சில் எழுத்து. பத்தொன்பதாம் பக்கத்தைப் புரட்டினேன். ஆறு குட்டிகளும் பூட்ஸுக்குள் தூங்கிவிட்டன என்று இருந்தது.

ஆறு. நான் எழுதியது ஆறு. வாரத்துக்கு ஏழு நாள், தலையணை சுமக்க ஏழு பேர் வேண்டும் என்பது எனக்குக் கடைசியில்தான் உறைத்தது என்பது அப்போது மெல்ல ஞாபகம் வந்தது. டம்மியின் அட்டையில் ஒரு துண்டுத் தாளைக் குண்டூசியால் குத்தியிருந்தது. அதுவும் என் எழுத்துதான். "அத்தான், குட்டிகளை ஏழாக மாற்றிவிட்டேன். 5, 8, 11, 13 ஆம் பக்கங்களில் ஒரு குட்டி கூட்டினால் போதும். மற்றப் படங்களில் குட்டிகள் இல்லை."

நான் நாலு பக்கம் எழுதியிருந்தேன். பத்தொன்பதை எழுதவில்லை.

"கடைசி எட்டுப் பக்கத்துப் படமெல்லாம் அப்பவே அச்சகத்துக்குப் போயிருச்சு," என்றார் அத்தான், ஏதோ அவர்தான் காரணம் சொல்லவேண்டியவர் என்பது போல. "கையில இருந்தா பாத்திருப்பேன். நீ போதும்னு எழுதியிருந்தியா, சரின்னு விட்டுட்டேன்."

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நான்தான் சொல்ல வேணாம்னேன்," என்றாள் அக்கா. "அன்னைக்கு இவரு உள்ள வந்து இதத்தான் எடுத்துக் காட்டினாரு. நீ வெளிய நின்னு தேம்பிட்டிருந்தே. இனிமே என் கதைய எடுக்க மாட்டாங்க அக்கா, மறுபடி பில்தான் போடணும்னு அழுதே. உனக்கு அந்த ஒரு புஸ்தகம்தான் இருந்துச்சு. இவருக்குக் கைத்தொழில் இருந்துச்சு. ஒரு நாள் திட்டு வாங்கினா முடிஞ்சிரும்னு நெனச்சேன். நீ அதையே வச்சுப் பொழப்பு நடத்துவேன்னு எனக்கென்ன தெரியும்?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை.

கோப்பில் இன்னும் தாள்கள் இருந்தன. ஒரு குடை. இரண்டு கெட்டில். மூன்று சாவி. நாலு பொத்தான். கெட்டித் தாளில், வண்ணத்தில், ஒவ்வொன்றும் ஒரு முழுப் பக்கம். முதல் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்கு அவர் வரைந்த மாதிரிகள் என்று பார்த்ததுமே தெரிந்தது. பாடநூல் அலுவலகத்திலிருந்து அவரைத் தேடி வந்து கேட்டார்கள் என்று அக்கா ஒரு காலத்தில் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பேச்சே இல்லாமல் போனது. நான் என்ன ஆயிற்று என்று கூடக் கேட்டதில்லை. தாள்களுக்கு அடியில், பழுப்பேறிய ஒரு கடிதம். தங்களைப் பற்றிப் பத்திரிகையில் வெளியான செய்தியைக் கண்டோம், எண்ணிக்கை முக்கியமான நூல் என்பதால் வேறு ஓவியரை அமர்த்திக்கொள்கிறோம்.

அந்தப் பத்திரிகைப் பேட்டி என்னுடையது. "எண்ணத் தெரியாத ஓவியர்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதைச் சட்டம் போட்டு என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன்.

நான் அங்கேயே உட்கார்ந்து அந்தப் படங்களை எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று கேட்காதீர்கள். ஏழு பென்சில், எட்டு மணி, ஒன்பது கரண்டி, பத்துப் படிக்கட்டு. எல்லாம் சரியாக இருந்தன.

அக்கா அடுக்களைக்குப் போய் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எத்தனை கூடங்களில் எத்தனை பேரை வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை அவரும் பள்ளிக்கு வந்தார். கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கை காட்டி, அதோ இருக்கிறார் என்று வேறு சொன்னேன். இருநூறு தலைகள் திரும்பின. அவர் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் வரவில்லை.

"அத்தான், அந்த வரிய மாத்திடறேன்," என்றேன். "எழுத்தாளர் செய்த பிழைன்னு போடச் சொல்றேன்."

"அதெல்லாம் உன் இஷ்டம்." பிறகு, "ஒண்ணே ஒண்ணு," என்றார். "படத்துல கை வைக்க வேணாம்னு சொல்லு. படம் சரியாத்தான் இருக்கு. ஆறுன்னு சொன்னே. ஆறு போட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவர் தனக்காகக் கேட்ட முதல் விஷயம் அதுதான். கையெழுத்து பாதியில் நின்ற தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். ஏறும்போது வலித்த முட்டி இறங்கும்போது வலிக்கவில்லை. அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை என்பதுதான் காரணம்.

பொறுப்பாசிரியைக்கு விஷயம் ஏறவே இல்லை. அவளுடைய அறைக்கே போய் உட்கார்ந்து, டம்மியையும் துண்டுத் தாளையும் காட்டினேன். அவள் அவற்றை ஆசையாகப் புரட்டிப் பார்த்து, "ஐயோ மேடம், பில் தாளா, இதையே ஒரு பக்கமா போடலாமே," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆனா மேடம், அந்த ஜோக்குதான் எலியம்மாவோட அடையாளம். ஆறு வரைக்கும் எண்ணத் தெரிஞ்ச ஓவியர்னு பின்னட்டையில போட்டு, அட்டை அச்சுக்கே போயாச்சு. இப்ப போய் நீங்க..."

"அட்டைய நிறுத்து."

"யாருக்கு மேடம் இதுல நஷ்டம்? அவரே இத்தனை வருஷம் ஒண்ணும் சொல்லல."

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. கோப்பிலிருந்து ஒன்பது கரண்டிகளை எடுத்து அவள் மேசையில் வைத்தேன். அதன் மேல் அந்தக் கடிதத்தை வைத்தேன். அவள் வாசித்தாள். மறுபடி கரண்டிகளைப் பார்த்தாள். அவளும் எண்ணினாள், உதடு அசைந்தது. போனை எடுத்து, "அட்டைய நிறுத்துங்க," என்றாள்.

படத்தையும் ஏழு என்ற வரியையும் தொடாமல், பிழை எழுத்தாளருடையது என்று மட்டும் கடைசிப் பக்கத்தில் போடுவதாக முடிவாயிற்று. ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. முப்பது பதிப்பு வெளியே இருக்கிறது. ஆயிரக்கணக்கான பதில் அட்டைகள் எந்தெந்த வீட்டு டிராயரிலோ கிடக்கின்றன. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டால் யார் வாசிக்கப் போகிறார்கள்? சிரிக்கவைத்தது வாயால். சரி பண்ணுவதும் வாயால்தான் ஆகவேண்டும். அத்தான் இருக்கும்போதே, அவர் காது கேட்கவே ஆகவேண்டும். அவர் தினம் கொஞ்சம் மெலிந்துகொண்டு வருவது கண்ணுக்குத் தெரிந்தது.

புதுப் பதிப்பை முன்பல் விழுந்த அந்தப் பெண்ணின் பள்ளியிலேயே வெளியிட்டார்கள். நான்தான் கேட்டு அங்கே வைக்கச் சொன்னேன். அத்தானை நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி இறக்க, மருந்துக் கடைக்காரரும் அவருடைய மச்சானும் வந்தார்கள். "எதுக்கு இந்தக் கூத்து," என்று அத்தான் இரண்டாவது மாடி வரை சொல்லிக்கொண்டே வந்தார். முதல் மாடியில் பேச்சை நிறுத்திவிட்டார். அக்கா அவருக்குச் சலவைச் சட்டை போட்டிருந்தாள்.

மைக் கீச்சென்று கத்தியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தலைமையாசிரியை நாற்பத்தொன்றை நாற்பது என்றார். கிட்டத்தட்ட சரிதான். நான் வாசித்து முடித்தேன். முன் வரிசையில் கை எழும்பியது. அதே பெண். ஒரு பல் பாதி முளைத்திருந்தது.

"புது புஸ்தகத்துலயும் ஆறுதான் இருக்கு. அவருக்கு இன்னும் எண்ணத் தெரியலியா?"

கூடம் சிரிக்கத் தயாரானது. நான் எழுந்து நின்றேன். நாற்பத்தொரு புத்தகம் எழுதியவள்தான், ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மென்று விழுங்கினேன்.

"அவருக்கு எண்ணத் தெரியும்," என்றேன். "எனக்குத்தான் தெரியல. நான் மொதல்ல ஆறுன்னு எழுதிக் குடுத்தேன். அவரு ஆறு வரைஞ்சாரு. அப்புறம் ஏழுன்னு மாத்தினேன். எந்தெந்தப் பக்கத்துல மாத்தணும்னு லிஸ்ட் எழுதிக் குடுத்தேன். அதுல பத்தொம்பதாம் பக்கத்த எழுத மறந்துட்டேன். தப்பு என்னோடது. ஆனா அவருதான் தப்பு பண்ணினாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். உங்ககிட்டயும் போன தடவ சொன்னேன். உங்கள்ல சில பேரோட அம்மா அப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்ப, அவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன். அதனால அவருக்கு வரவேண்டிய ஒரு நல்ல வேலை வராம போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு டீச்சர் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். அந்தப் பெண் உட்காரவில்லை.

"அப்ப அவரு மேல தப்பே இல்லையா?"

"இல்ல."

"அவர்கிட்ட சாரி சொன்னீங்களா?"

அட்டையை நிறுத்தியிருந்தேன். வரியை மாற்றியிருந்தேன். சுவரில் மாட்டிய பேட்டியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் கேடயங்களோடு தள்ளியிருந்தேன். வாரத்துக்கு மூன்று நாள் அந்த மாடி ஏறிப் போய் அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டியிருந்தேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இன்னும் இல்ல," என்றேன்.

"அதோ இருக்காரு," என்றது அந்தப் பெண், எனக்குத் தெரியாதது போல. "போய் சொல்லுங்க."

இருநூறு தலைகள் திரும்பின. கூடத்தின் ஓரத்தில், நாற்காலியில், அத்தான் இந்தத் தடவை கும்பிடு போடவில்லை. போடக் கையும் இல்லை. நான் மைக்கை விட்டுவிட்டு அவரிடம் நடந்து போனேன். அந்தத் தூரம் முப்பது அடி இருக்கும்.

"மன்னிச்சிருங்க அத்தான்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் உதட்டோரத்தில் பலகை மூலையில் குருவி வரைகிற காலத்துக் குறும்பு ஒன்று எட்டிப் பார்த்தது.

"ஒரு தடவ பத்தாது," என்றார் மெதுவாக. "ஏழு தடவ சொல்லு. நான் எண்ணுறேன்."

பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. நான் மறுபடி சொன்னேன். அத்தான் இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டு," என்றது கூடம். மூன்று. நாலு. ஐந்தாவதில் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து விரலும் விரிந்துவிட்டதால் ஆறுக்கு என்ன செய்வார் என்று பார்த்தேன். கையை ஒரு தடவை மூடி, ஒற்றை விரலை நீட்டினார். "ஆறு," என்று கூடம் கத்தியது.

அத்தான் கையைக் கீழே இறக்கி மடியில், அந்த இன்னொரு கையின் மேல் வைத்துக்கொண்டார்.

"ஏழாவது?" என்று அந்தப் பெண் கேட்டது.

"விட்டுப்போச்சு," என்றார் அத்தான்.